வீட்டுப் பொறையும் மணியும்: ஒரு பன்முகப் பார்வை

நாய்க்கு வீட்டிலேயே தின்பண்டம் செய்வது எப்படி என்பதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் பட்டம் கிடைக்காது. நான்கு வரிச் சங்கதியை நானூறு பக்கமாக்கி, கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தில் பெயர் பொறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினால்தான் ஆய்வு. ஆகவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், எங்கள் வீட்டுப் பின்கட்டு. ஆய்வு எல்லை, வடக்கே துவைக்கிற கல், தெற்கே மணியின் சங்கிலி எட்டும் தூரம். முதன்மை ஆதாரம் மணி. நாட்டு நாய், வயது நான்கு. துணைமை ஆதாரம் அத்தை. ஆய்வு நெறியாளர் இருக்கிறார்.

இனி முன்னாய்வுகள். நாய் பிஸ்கட்டை வணிகமாக்கியவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். 1860களில் இடிதாங்கி விற்க இங்கிலாந்து போனவர், துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசியெறிந்த கெட்டி ரொட்டியை நாய்கள் மொய்த்துத் தின்பதைக் கண்டார், இடிதாங்கியை விட்டார் என்பது கதை. அவர் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் க்ரஃப்ட்தான் 1891இல் தன் பெயரில் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். இவர்கள் யாரும் தொல்காப்பியம் படித்தவர்களாகத் தெரியவில்லை. எனவே மேலே செல்வோம்.

நம் பக்கத்தில் தெருமுனை டீக்கடைதான் மூலம். கண்ணாடி ஜாடிக்குள் முறுகலாக, லேசாக உப்பி, தொட்டால் பொருபொருவென்று உதிரும் பொறை. மனிதர் டீயில் தோய்த்துத் தின்கிறார். மிச்சத்தை நாய்க்குப் போடுகிறார். சிலர் நாய்க்கென்றே வாங்குகிறார்கள். இவ்வளவு கண்கூடான பொருளின் பெயரைப் பற்றி அறிஞருலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இதுவே ஆய்வு இடைவெளி. இக்கட்டுரையாளர் அதில் நாற்காலி போட்டு உட்கார்கிறார்.

முதற்கேள்வி, பொறையா, பொரையா? எங்கள் டீக்கடைப் பலகையில் வல்லின றகரம் இருக்கிறது. கடைக்காரரிடம் விளக்கம் கேட்டதற்கு, 'ஒண்ணா ரெண்டா?' என்றார். எண்ணிக்கை பற்றிய இக்கூற்றை எழுத்து பற்றியதாகவே கொள்ள வேண்டும். றகரம் உறுதி.

பொறை என்றால் பொறுமை. வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பொறை வரும்வரை நாய் பொறுத்திருப்பதால் காரணப்பெயர் என்பது ஒரு சாரார் கருத்து. (அந்தச் சாரார் நான்தான். ஒருவரே ஆனாலும் சாரார் என்று எழுதுவது மரபு.) இது பொருந்தாது, மணி பொறுத்திருந்து யாரும் பார்த்ததில்லை. இனி, பொறை என்றால் பாரம், கல், மலை. பழைய பொறையைக் கடித்தவர் கல் என்பதை மறுக்கமாட்டார். இங்கேதான் சேரநாட்டுக் கதவு திறக்கிறது. சேர மன்னர்களுக்கு இரும்பொறை என்று பெயர். இரும்பு போன்ற பொறை! புகளூர்க் கல்வெட்டில் செல்லிரும்பொறை என்ற பெயர் வெட்டிவைத்திருக்கிறது. கல்வெட்டு சொல்வதென்னவோ சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியை. ஆனால் துறவி புலால் உண்ணார். ஆகவே அவருக்குத் தரப்பட்ட பொறை சைவப் பொறை. தரப்பட்டதா என்று கேட்பவருக்கு ஆய்வு மனப்பான்மை இல்லை. முரசுகட்டிலில் அயர்ந்து தூங்கிய மோசிகீரனாருக்குப் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசினான் என்பது புறநானூற்றுச் செய்தி. வீசுகிற கை அவனுக்கு எப்படிப் பழகியது? அடுப்பு விசிறித்தான். சேரர் சூளையில் பொறை சுட்டார்கள் என்று இதனால் பெறப்படும். இதைவிட மெலிந்த ஆதாரத்தில் இதைவிடப் பெரிய நாகரிகங்களை எழுப்பியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திய மேடையின் கடைசி வரிசையில் நானும் இருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடை. எங்கள் வீட்டுப் பொறைக்கு முக்கியப் பொருள் பரங்கிக்காய். அது அமெரிக்கக் கண்டத்துக் காய். பெயரிலேயே பரங்கி நிற்கிறது. சேரன் கண்டிருக்க வாய்ப்பில்லை. தடை வந்தால் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு மேலே போவது முறை. போகிறேன்.

செய்முறை. கேழ்வரகு மாவு ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரை கப், முட்டை ஒன்று (அத்தை, அடுப்படி). தண்ணீர் ஊற்றாமல் பிசைய வேண்டும்; காயின் ஈரமே போதும் (அத்தை, மேலது, கை மாவோடு). கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, பாட்டில் மூடியால் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓவன் இல்லாதவர் குக்கரின் அடியில் பொடியுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே தட்டு வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் சுட வேண்டும். நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் (அத்தை, 'கேஸ்கட்டை எடுன்னா எடு', குக்கர் உரைகள், இரண்டாம் தொகுதி, கரண்டி ஓங்கிய பதிப்பு, மாமா தலைமறைவான பின் திருத்தப்பட்டது). உப்பு, சர்க்கரை, மசாலா எதுவும் வேண்டாம்.

நாய்க்கு மாவுப் பண்டம் ஆகுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. 2013இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி. நாய்க்கு நாலு முதல் முப்பது வரை. மனிதனோடு வாழ்ந்த பழக்கம். மணி பழைய சோற்றுக்கு வருவது இப்படியாக அறிவியல் ஆகிறது.

விலக்கப்பட்டவை, விளையாட்டில்லாமல் சொல்கிறேன். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கிற ஒன்றிரண்டுதானே என்று விடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை அழிக்கும். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிடால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும். தின்றுவிட்டால் இக்கட்டுரையைப் புரட்ட வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நல்ல பொறையே ஆனாலும், இப்படிப்பட்ட தின்பண்டமெல்லாம் சேர்ந்து நாய்க்கு அன்றாடம் வேண்டிய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்.

முடிவுகளை அரங்கேற்றப் பின்கட்டில் கருத்தரங்கு கூட்டினோம். பக்கத்து வீட்டு லாப்ரடாரும் மதிலோரம் வந்து நின்றது. அதன் பூர்விகம் கனடா. உடனே 'கருத்தரங்கு' என்பதை அடித்துப் 'பன்னாட்டுக் கருத்தரங்கு' என்று திருத்தினோம். இதைவிடக் குறைந்த தகுதியில் பன்னாடு ஆன கூட்டங்கள் உண்டு. ஆளுக்கொரு பொறை வழங்கப்பட்டது. லாப்ரடார் முகர்ந்து, நாக்கால் புரட்டி, மென்று விழுங்கி, மேற்கொண்டு தரவு கேட்டது. மணி வாயைத் திறந்தது தெரிந்தது, பொறையைக் காணோம். சொற்பிறப்பு குறித்து இருவருமே கேள்வி எழுப்பவில்லை. நெறியாளர் தொலைபேசியில் வாழ்த்தினார், நாயின் பெயரைத் தவறாகச் சொல்லி.

மிஞ்சியதை நன்றாக ஆறவிட்டு, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். டப்பா மேல் 'மணிக்கு' என்று மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டவில்லை. மாமா டீயோடு நாலு தின்றுவிட்டு, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றார்.