நிற்பதற்கு ஒரு செலவு

நாமக்கல் பக்கம் வண்டியைப் பற்றி யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. கேட்காமலே சொல்வார்கள். லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர், லாரி ஓட்டும் ஊர், லாரி வாங்கிக் கடனாகி மறுபடியும் லாரி வாங்கும் ஊர். சொந்தமாக ஒரு மொபெட்கூட இல்லாதவருக்கும் டீசல் இன்ஜினைப் பற்றி அசைக்க முடியாத அபிப்பிராயம் இருக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், "நம்ம பழைய பிக்கப்புக்கு முன்னாடி டிஸ்க் பிரேக் மாத்திரலாமான்னு இருக்கேன்" என்று டீக்கடையில் வாயை விட்டேன். அதற்குப் பிறகு என் டீக்கு நான் காசு கொடுத்ததாக ஞாபகமில்லை. யாராவது ஒருவர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜீப் மூக்கு வைத்த பிக்கப், தொண்ணூறுகளில் பிறந்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது. அதாவது, பெடலை நான் எவ்வளவு பலமாக மிதிக்கிறேனோ அவ்வளவுதான் பிரேக். வண்டியின் பிரேக் சிஸ்டத்தில் முக்கியமான உதிரிபாகம் என் வலது தொடை.

இந்த வண்டி செய்கிற வேலை கொல்லிமலையிலிருந்து வாழைத்தாரும் பலாப்பழமும் மிளகு மூட்டையும் இறக்குவது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. ஏறும்போது அந்தப் பலகைகளைப் பார்த்தால் உற்சாகமாக இருக்கும். பாரத்தோடு இறங்கும்போது, இன்னும் எத்தனை பாக்கி என்று வட்டிக் கணக்குப் பார்ப்பதுபோல் எண்ண வேண்டியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டரை டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால், அந்தச் சக்தி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? முழுவதையும் பிரேக்கே தாங்கினால் வெளிவரும் சூடு சுமார் 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நாலு டிரம்மும் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, நடுநடுவே வண்டியையும் நிறுத்த வேண்டும். டிரம் மூடிய பாத்திரம். சூடு சீக்கிரம் வெளியே போகாது. லைனிங் சூடேறினால் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயிலாக இருந்தால் இன்னும் மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கியாக வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் தர அளவே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டால், பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைக்குப் போகும்.

டீக்கடையில் மூன்று கட்சிகள் உருவாயின.

முதலாவது டிஸ்க் கட்சி. அதன் தலைவர் புதிதாக ஒரு பிக்கப் வாங்கியவர். "டிஸ்க்குன்னா டிஸ்க்குதானுங்க. பெடல் மேல காலை வெச்சாப் போதும்" என்பார். அவர் வண்டியில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும் அருமையான ஏற்பாடு. இவர் என்ன செய்தார்? இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக பிளேட் போட்டுவிட்டார். இப்போது எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் சரியாகத் தாழ்வதில்லை. வால்வு பாவம், வண்டி காலியாக இருப்பதாக நம்பிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கிறது. இதை நான் விளக்கியபோது அவர் இரண்டாவது டீ சொல்லவில்லை.

இரண்டாவது எலுமிச்சம்பழக் கட்சி. நாலு டயருக்கு நாலு பழம், ஒரு தேங்காய், ஆஞ்சநேயர் கோயிலில் ஒரு சூடம். செலவு குறைவு, ஆர்.டி.ஓ. ஆட்சேபிக்க மாட்டார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது ஏற்கெனவே வண்டியில் இருக்கிற வசதி. மேம்பாடு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கட்சியில் ஒரே உறுப்பினர், என் மச்சினன். "எதுக்கு மச்சான் பிரேக்குக்கு இவ்வளவு யோசனை? எறக்கத்துல நியூட்ரல்ல போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிருங்க, டீசல் மிச்சம்." இந்த ஆள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இரண்டாவது கட்சிதான் காரணமாக இருக்க வேண்டும். பூஸ்டர் உள்ள வண்டியில் இப்படிச் செய்தால், சேர்த்து வைத்த வேக்குவம் சில மிதியில் தீர்ந்துபோய், பெடல் கல்லாகிவிடும்.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதுவும் சொல்லாமல் முன்சக்கரத்தைக் கழற்றினார். டிரம் வரவில்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். 'ணங்' என்று ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. உள்ளே கறுப்புத் தூள். நான் குனிந்து ஊதப்போனேன்; கையைப் பிடித்துத் தடுத்தார். "ஊதாதீங்கண்ணா, பழைய லைனிங்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸுங்க." ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காட்டினார். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்து, டிரம்முக்குள் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் விலக்கினார். ஒரு சொட்டு ஆயில் எட்டிப்பார்த்தது. டிரம்மையோ முன்னால் வைத்திருந்தவர்கள் லேத்தில் கடைந்து கடைந்து, விளிம்பில் பொறித்திருந்த கடைசி அளவையும் தாண்டிவிட்டிருந்தார்கள்.

"இது பிரேக்கே இல்லீங்கண்ணா. இருக்கிறதை முதல்ல பிரேக்காக்குங்க. அப்புறமா மாத்துறதைப் பத்தி யோசிக்கலாம்."

இருந்தாலும் டிஸ்க் ஆசை விடவில்லை. புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும் என்றார்கள். மெக்கானிக் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். டிரம்முக்குள் ஷூ ஒன்று சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை, அழுத்தம் அதிகம் வேண்டும். ஆகவே பூஸ்டர். பூஸ்டருக்கு வேக்குவம் வேண்டும். டீசல் இன்ஜின் அதைத் தானாகத் தராது. ஆகவே பின்னால் வேக்குவம் பம்ப் வைத்த டைனமோ. காலிப்பர் உட்கார வேண்டுமென்றால் ஹப் மாற வேண்டும். ஹப் மாறினால் ரிம் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரும் வேறு. கூட்டிப் பார்த்தால் வண்டியை விற்றால் வரக்கூடிய தொகைக்கு நெருக்கமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வருசா வருசம் எஃப்.சி.க்குப் போகிற வண்டி. "நல்லா நிக்கிறதுக்காகத்தானே மாத்தினேன்" என்று ஆய்வாளரிடம் வாதாடும் தைரியம் எனக்கு இல்லை.

பிரேக் மாற்றத் தயங்குவதில் நான் தனியாள் இல்லை என்பது ஒரு ஆறுதல். அமெரிக்காவில் டூசன்பெர்க் கார் 1921-லேயே நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்துவிட்டது. ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு 1939 மாடலில்தான் வைத்தார், அதுவரை கம்பிதான். அவ்வளவு பணம் வைத்திருந்தவரே அவ்வளவு யோசித்திருக்கிறார்.

என் மனைவிக்கு ஃபோர்டு கதை எடுபடவில்லை. "ஏனுங்க, போன தீபாவளிக்கு வண்டிக்கு ஸ்பீக்கர் வாங்கினப்ப யாருகிட்ட யோசனை கேட்டீங்க?" என்றாள். அதற்குப் பதில் இல்லை. பெயின்ட் அடித்தால் ஊர் பார்க்கும், ஸ்பீக்கர் போட்டால் ஊர் கேட்கும், இன்ஜின் செய்தால் மேடு ஏறும். பிரேக்குக்குப் போட்ட பணம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல பிரேக்கைப் பாராட்டி யாரும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

தினமும் நெடுஞ்சாலையில் 80-ல் பறக்கிற வண்டியாக இருந்தால் டிஸ்க்கே போட்டிருப்பேன். 40-ல் போவதைவிட 80-ல் போகும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. மழைத் தண்ணீரில் டிரம் நனைந்தாலும் பிடிப்பு போய்விடும். ஆனால் என் வண்டி 60-ஐத் தொட வேண்டுமென்றால் இறக்கமும் வேண்டும், பின்னாலிருந்து காற்றும் வேண்டும்.

ஆகவே தீர்ப்பு: டிஸ்க் வேண்டாம். புது டிரம் நாலு, புது லைனிங், நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வடித்து டாட் 4 ஊற்றி ஏர் எடுத்தாகிவிட்டது. பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. ஆயிலை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக ஏற்பாடு. மீதிச் சூட்டை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில்தான் இறங்குவது. அந்த மேம்பாட்டுக்குக் காசு கிடையாது, எஃப்.சி.யிலும் கேட்க மாட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொல்லிமலையில் இறங்கும்போது வாழைத்தார் ஏற்றிய பழைய பிக்கப் ஒன்று உங்களுக்கு முன்னால் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு போனால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழி விடுகிறேன்.