அவர்கள் இறங்கினார்கள், நாம் ஏறுகிறோம்

என் சிறு வயதில் வால்பாறைக்குப் போவதைச் சுற்றுலா என்று யாரும் சொன்னதில்லை. அத்தை வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவுதான். பொள்ளாச்சியில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் திட்டம் முடிந்தது. ஆழியாறு தாண்டியதும் அம்மா ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பார். 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதுதான் மருந்து.

அத்தை தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். பாடி என்னும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீடு. விடியும்போது வாசலில் நிற்கும் மூடுபனியை நாங்கள் வாய் பிளந்து பார்ப்போம். அவர் மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்து, அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசிக்கொண்டிருப்பார். பனியில் கொழுந்து நனைந்தால் கூடை கனக்கும். ஆனால் எடை போடுமிடத்தில் ஈரத்துக்கென்று கழித்துவிடுவார்கள். சுமந்த பாரத்துக்குக் கூலி இல்லை. அந்தப் பனியை அழகென்று அத்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

இன்று அதே பனியைப் பார்க்கத்தான் ஊரே ஏறுகிறது. போன மாதம் அண்ணன் மகன் ஒரு நாள் பயணத்துக்குப் பட்டியல் போட்டான்: லோம்ஸ் வியூ, பாலாஜி கோயில், நல்லமுடி பூஞ்சோலை, சோலையாறு அணை, சின்னக்கல்லாறு. பாதியை அடிக்கச் சொன்னேன். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர்தான். ஆனாலும் மலைப்பாதையில் இரண்டரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் புதுத்தோட்டத்தில் சாலையைக் கடக்கும் சோலைமந்திகள்தான் சக்கரத்தில் சிக்கும். இந்த மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. அதற்குத் தின்பண்டம் நீட்டுவதும் கெடுதல்தான். பழகிவிட்டால் சாலையை விட்டு நகராது. 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். நல்லது என்றே நினைக்கிறேன்.

அத்தை இப்போது திருப்பூரில், பனியன் கம்பெனிக்குப் போகும் மகனோடு இருக்கிறார். கூலி போதாமல் அவரைப் போலப் பல குடும்பங்கள் மலையிறங்கிவிட்டன. அவர்கள் நின்ற நிரையில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஆள் மாறியிருக்கிறது, அட்டையும் ஈரமும் மாறவில்லை.

போவதற்கு முன் 'எரியும் பனிக்காடு' படித்துவிடுங்கள். இந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். விடியுமுன் கிளம்புங்கள். இரண்டே இடம் பாருங்கள். இருட்டினால் யானை சாலைக்கு வரும். மாலை நான்கு மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.