ஒரு பாயின்ட் தூரம்

கேள்வி: ஏழு முறை விம்பிள்டன் வென்ற டாரதியா லாம்பர்ட் சேம்பர்ஸை, தோற்ற ஆட்டத்துக்காக நினைவுகூர்கிறார்களே, நியாயமா?

பதில்: ஜெயித்ததைச் சொல்ல ஒரு வரி போதும். 1903-இல் தொடங்கி 1914 வரை ஏழு பட்டங்கள்; நடுவே 1908 ஒலிம்பிக் தங்கம். 1911 இறுதி ஆட்டத்தில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்கவில்லை!

ஆனால் 1919 கதையே வேறு. போர் முடிந்து மறுபடி நடந்த முதல் விம்பிள்டன். எதிரே 20 வயது சுசான் லெங்லன். சேம்பர்ஸுக்கு வயது 40, இரண்டு பிள்ளைகளின் தாய். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் 6-5, 40-15. இன்னும் ஒரே பாயின்ட் எடுத்தால் கோப்பை கைக்கு வந்துவிடும். லெங்லன் எட்டி அடித்த பந்து மட்டையின் மரச்சட்டத்தில் பட்டு, வலைக்கு மேல் தத்தி, இந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த வாய்ப்பும் போயிற்று. 8-10, 6-4, 7-9.

அந்த வயதில் அப்படி ஆடியதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மறு வருஷம், 41 வயதில், மறுபடியும் அதே லெங்லனை எதிர்த்து இறுதி ஆட்டத்தில் வந்து நின்றார்.