புடவைக்கும் பாஸ்போர்ட்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பட்டு நெய்யும் ஆரணி நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. 2024-இல் அவர்கள் போட்ட சட்டம், பொருள் நெடுநாள் உழைக்க வேண்டும் என்கிறது. விற்காத துணியைப் பெரிய கம்பெனிகள் அழிக்கக் கூடாதாம். 2026 ஜூலை முதல் தடை. எவ்வளவு முற்போக்கு! விற்காத பட்டைக் கொளுத்தலாம் என்பதே நம் ஊர்த் தறிக்காரர்களுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. லண்டன் பர்பெரி கம்பெனிக்குத் தோன்றியது. 2018 மார்ச்சோடு முடிந்த ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு சரக்கை அழித்தது.

அடுத்து, எதில் நெய்தது, எங்கிருந்து வந்தது என்று துணியின் ஜாதகம் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. ஆகவே ஆரணியும் திருந்த வேண்டும். பாட்டியின் கூறைப்புடவை பேத்தியின் வளைகாப்புக்கு வந்தால் மட்டும் போதாது. நெடுநாள் உழைத்ததற்குச் சான்றிதழ் எங்கே? 'பழைய பட்டுப்புடவை வாங்குறது!' என்று தெருவில் கூவி, முந்தானை ஜரிகையைத் தேய்த்து வெள்ளி பார்ப்பவர் இனி சுழற்சிப் பொருளாதார ஆலோசகர். கூவுவதற்குக் கட்டணம் தனி. குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவர் பாவுக்கும் ஊடைக்கும் ஆடிட்டர் வைத்துக்கொள்ளட்டும். ஃபீஸ் போக மிச்சமிருந்தால் கூலி.

நெய்தவரிடம் இல்லாத பாஸ்போர்ட் புடவையிடம் இருக்கும், பெருமைதானே!

மேலைநாட்டுப் பழந்துணிக்கு அந்தக் கவலையும் இல்லை. மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஹரியானாவின் பானிபட்டுக்கு வருகிறது, விசாவே கேட்பதில்லை. அங்கே அதைக் கிழித்து, மறுபடி நூலாக்கி, கம்பளி நெய்கிறார்கள். துணியை வீணாக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாராவது சட்டம் படித்துக் காட்டினால் தேவலை.