சும்மா கிடந்த காடு

காங்கயம் பக்கத்தில் எங்கள் அப்பாருக்கு இருந்த பூமியில் பாதி கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒருமுறை விவசாய அதிகாரி ஒருவர் வந்து வேலியோரம் நின்றார். "இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்கீங்களே, உழுது ஏதாவது போடக்கூடாதா?" என்றார். "சும்மா எங்கீங்க கெடக்குது? மாடு மேயுதுங்களே" என்றார் அப்பாரு. அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அப்பாருவைப் பற்றி உயர்வாக எழுதியிருக்க மாட்டார்.

இப்போது அதே கொறங்காட்டைப் பார்க்க ஜீப்பில் வருகிறார்கள். சதுரச் சட்டம் வைத்துப் புல்லை எண்ணுகிறார்கள், மண்ணைப் பையில் அள்ளுகிறார்கள். சிதைந்த மேய்ச்சல் நிலத்தை மீட்பது எப்படி என்று எங்களுக்கே பயிற்சி. தொப்பியும் தோள்பையும் இலவசம்.

பயிற்சியில் சொல்வதெல்லாம் சரிதான். வருஷத்துக்கு 600 மி.மீ. மழை பெய்தால் நாங்கள் வருணனுக்கு நன்றி சொல்கிற ஊர் இது. இங்கே புல் நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அப்பாரு காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை மேய்த்தானதும் படலைச் சாத்திவிடுவார். முதலில் மாடு இறங்கும். மாடு கழித்ததற்குச் செம்மறி. சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார். அடுத்த மழைக்குப் புல் புதுசாய்க் கிளம்பும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டைக் காப்பாற்றும். எல்லாவற்றுக்கும் மேல் அவர் கண்டிப்பு. படலைத் திறந்து போட்டுவிட்டுப் போனவன் மாமன் மச்சானாக இருந்தாலும் பேச்சு வாங்காமல் தப்பியதில்லை.

ஊர்ப் பொது மேய்ச்சல் புறம்போக்குக்கு அப்படித் திட்ட ஆளில்லை. அங்கே சீமைக்கருவேலம் ஏறியது. மிச்சத்தில் வீடு ஏறியது. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-லேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

பல கொறங்காடுகள் அழிந்தது விவசாயிக்கு அறிவில்லாததால் என்று நினைக்கிறவர்கள் காங்கயம் எருதின் கணக்கைப் பார்க்க வேண்டும். கிணற்றில் கவலை இறைக்க எருது வேண்டியிருந்தது, வண்டிக்கும் ஏருக்கும் வேண்டியிருந்தது. நல்ல ஜோடி என்றால் கண்ணபுரம் சந்தையில் விலை நின்று பேசும். அந்தப் பணம்தான் கொறங்காட்டின் வெள்ளாமை. மோட்டார் வந்து கவலையை நிறுத்தியது. டிராக்டர் வந்து ஏரை நிறுத்தியது. எருதுக்கு வேலை போன பிறகு புல்லை யாருக்காக வளர்ப்பது? நிலம் தென்னைக்கும் வீட்டுமனைக்கும் காற்றாலைக்கும் போனது.

2017-இல் ஜல்லிக்கட்டுக்காக ஊரெல்லாம் திரண்டபோது காங்கயம் காளை பனியனில் வந்தது. மாடு மேய்ப்பதை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தப் பனியனைத் தைத்திருக்கக்கூடும்.

போன பயிற்சிக் கூட்டத்தில் பக்கத்துக் காட்டுப் பெரியவர் எழுந்தார். "ஏனுங்க, புல்லு வெதச்சா நல்லா வேரூனற வரைக்கும் மாட்டை உள்ள உடக்கூடாதுங்கறீங்க. சரிங்க. அதுவரைக்கும் எம்பட மாட்டுக்கு இந்த பேனரையா அவுத்துப் போடறது?" அரங்கம் சிரித்தது. மேடையில் இருந்தவரும் சிரித்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டது மறுப்பல்ல, கணக்கு. மேய்ச்சல் நிலப் பாதுகாப்புக்கு எதிரான விவசாயி எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்து யாருமில்லை. கிளுவைப் போத்து நட்டு, வருஷா வருஷம் கவாத்துப் பண்ணி, சந்து விழுந்த இடத்தை அடைத்து வைக்கக் கூலி யார் கொடுப்பது என்று கேட்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். கம்பிவேலிக்கு ஒருமுறை செலவு. கிளுவைக்கு ஆயுள் முழுக்க ஆள் வேண்டும்.

ஆகவே திட்டம் போடுகிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். தொப்பியும் பையும் வேண்டாங்க. காடு மூடிக் கிடக்கிற காலத்துக்குச் சோளத்தட்டு வாங்கப் பணம் கொடுங்கள், கன்றுக்கு ஒரு விலை கிடைக்க வழி செய்யுங்கள். படலைச் சாத்த எங்களுக்குத் தெரியும்.