வெள்ளைப் பெயின்ட் எழுத்து

1971 டிசம்பர் 7. பள்ளிக்கூடத்தில் கொடி நாள். பத்துப் பைசா கொடுத்து வாங்கிய காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடிவந்து பெரியம்மாவிடம் காட்டினேன். “உங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க குடும்பத்துக்குத்தாண்டா இந்தக் காசு போவுது” என்று பூரித்தார். பெரியப்பா முந்தின நாளே கிழக்கு முனையில் இறந்திருந்தார். தந்தி வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

உடல் வரவில்லை. போர்முனையில் மாண்டவர்களை அப்போதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே தகனம் செய்துவிடுவார்கள். சில மாதம் கழித்து வந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எண், பதவி, பெயர். உள்ளே இரண்டு உடுப்பு, ஷேவிங் செட், பெரியம்மா சொல்லச்சொல்ல அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் மங்கிப்போன அந்த எழுத்துகளின் மேல் பெயின்ட் பூசுவது என் வேலை. கோடு பிசகினால் பெரியம்மா துடைத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வார்.

1972 குடியரசு நாளில் டெல்லி இந்தியா கேட்டின் கீழ் இந்திரா காந்தி அமர் ஜவான் ஜோதியை ஏற்றினார். தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, அதன்மேல் இரும்புத் தொப்பி, அணையா நெருப்பு. ஆனால் அந்த வளைவில் பொறித்திருந்தவை பிரிட்டிஷ் இந்தியப் படையில் மாண்டவர்களின் பெயர்கள். வெள்ளைக்காரன் தன் படையாளின் பெயரைக் கல்லில் எழுதிவைத்தான். சுதந்திர நாட்டுக்காக உயிர்விட்டவரின் பெயர் அங்கே ஒன்றுகூட இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

1999 கார்கில் போரில் காலம் மாறியது. திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் மலையில் கிடந்து, மீட்கப்பட்டு, தேசியக் கொடி போர்த்தி ஊர் வந்தது. டிவி முன் உட்கார்ந்திருந்த பெரியம்மா, “முகத்தப் பாத்துட்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரியில் திறந்தது. வட்டமாகச் சூழ்ந்த கருங்கல் சுவர்களில் சுமார் 26,000 பெயர்கள், பொன்னெழுத்தில். அந்த வருடக் கடைசியில் பெரியம்மாவை அழைத்துப் போனேன். படிக்கத் தெரியாதவர். நான் காட்டிய கல்லில் விரல் வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார்.

“இது மங்கிப் போவாதில்ல?”

“வெட்டியிருக்காங்க, பெரியம்மா.”