வாடகை கேட்க ஓர் ஆள்

மன்னாரில் நான் இரண்டு வீட்டுச் சொந்தக்காரன். சின்னக்கடையில் ஒன்று, எழுத்தூரில் ஒன்று. அதற்கென்று ஊரில் ஒரு மரியாதை உண்டு. மாதம் முடிந்து வாடகை கேட்க வாய் திறக்கும்வரைக்கும்தான் அது.

கொழும்பிலே வாடகைக்காரரின் முகம் தெரியாமலே கறாராக இருக்கலாம். இதுவோ தீவு. பாக்கி வைத்திருக்கிற மாஸ்டர் ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்து வாங்கில் நிற்கிறார். சமாதானம் தெரிவிக்கும்படி சுவாமி சொன்னதும் முதல் ஆளாகத் திரும்பி, என் கையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். பீடத்துக்கு முன்னால் சமாதானமான மனிதனிடம் கோயில் வாசலில் வைத்து எப்படிக் காசு கேட்பது? "சுகமா மாஸ்டர்?" என்கிறேன். "கூரை ஒழுகுது" என்கிறார். மேசனுக்கும் நானே காசு கொடுக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு வாய் இல்லை. வாய் உள்ள ஒரு ஆளைப் பிடியுங்கோ" என்றாள் மனைவி.

வந்தான் ஒரு தம்பி. மோட்டார் சைக்கிள், ஒரு தடித்த கொப்பி, வாடகையில் பத்து வீதம் சம்பளம். ஒப்பந்தம் எங்கே என்று கேட்டான். வாய்ச்சொல்தான் என்றேன். பற்றுச்சீட்டு? மாஸ்டர் நல்ல மனுசன் என்றேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"அண்ணை, பற்றுச்சீட்டு உங்களுக்குத்தான் காவல். வாடகை குடுத்து இருக்கிறவர் ஆட்சியுரிமை கேக்கேலாது. குடுக்காமல் பத்து வருசம் இருக்க விட்டால் பிறகு வழக்குத்தான்."

அந்தப் பத்து வருடம் 1871இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. மன்னாரில் அது விளையாட்டில்லை. 1990இல் வள்ளம் ஏறி இந்தியா போனவர்களும், அதே வருடம் ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம் அயலவர்களும் திரும்பி வந்தபோது, சில வளவுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். போரால் வர முடியாதவர்களுக்கு யுத்த காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட 2016இல்தான் சட்டம் வந்தது. நானோ யுத்தமே இல்லாமல், வெட்கத்தால் மட்டும் வீட்டைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

மாஸ்டரின் மூன்று மாதப் பாக்கியும் வந்தது. எப்படியடா என்று கேட்டேன். "கேட்டன், தந்தார்" என்றான். அடுத்த ஞாயிறு மாஸ்டர் விரல் நுனியால் மட்டும் சமாதானம் தெரிவித்தார்.

தம்பிக்கு மூளையும் உண்டு. தம்பபவனி காற்றாலை மின் நிலையத்தின் முப்பது காற்றாடிகள் எழும்பிய நாளிலிருந்தே எனக்கு ஓர் ஆசை: மேல்மாடி கட்டி இஞ்சினியர்மாருக்கு வாடகைக்கு விடுவது. ஒரு பெரிய இந்தியக் கம்பனியும் வருகிறதாம் என்று ஊரே பேசியது. "கல்லு இப்ப பறிக்காதேங்கோ" என்றான். 2025 பெப்ரவரியில் கம்பனி திட்டத்தைக் கைவிட்டது. அந்த மாதக் கணக்கில் 'ஆலோசனை' என்று ஒரு தொகை இருந்தது. அதற்குக் கீழே 'கழுதை கலைத்தது – 500 ரூபா'. இந்தத் தீவில் கழுதை நுழையாத வளவு எது? நான் இத்தனை காலமும் இலவசமாகக் கலைத்திருக்கிறேன்.

பிறகு உறுதிகளைக் கேட்டான். சின்னக்கடை வீடு மனைவியின் சீதனம். எழுத்தூர் வீடு கனடாவில் இருக்கும் தங்கச்சியின் பெயரில். என்னிடம் இருப்பது அற்றோர்னித் தத்துவம். "நீங்கள் இருக்கிற வீடு?" என்று கேட்டான். அது மாமியார் மகளுக்கு எழுதியது.

ஒன்றும் பேசாமல் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் திருப்பினான். மாதக் கடைசியில் கணக்கு வந்தது. உரிமையாளர்: என் மனைவி. குடியிருப்பவர்: நான். ஒப்பந்தம்: வாய்ச்சொல். நிலுவை: இனித்தான் பார்க்க வேண்டும்.

மனைவி அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்து, எனக்கொரு பிரதியும் தந்திருக்கிறாள்.